பாதி வழி அவருக்கு, பாதி வழி எனக்கு

நான் சொல்லாம விட்டேன்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது. சொன்னேன். வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி, பிளாட்பாரத்துல நின்னு, தெளிவா ஒரு ஆள்கிட்ட சொல்லி அனுப்பினேன். அந்த ஆள் போய் அவர்கிட்ட சொல்லலைன்னா அதுக்கு நானா பொறுப்பு? கூப்பிடு தூரத்துலதானே இருந்தார், நேரா சொல்லக்கூடாதான்னு கேப்பீங்க. எங்க வீட்டுக் கதை தெரியாதவங்க அப்படித்தான் கேப்பாங்க.

நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கிறது இல்லை. பிரிஞ்சு இருக்கோம்னு நினைச்சுக்காதீங்க. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கடை. துணி வெளுத்து இஸ்திரி போட்டுக் குடுக்கற கடை. முன்னாடி கவுண்டர்ல நான், பின்னாடி ஸ்டீம் பிரஸ்ல அவர், நடுவுல ஒரு திரை. மக ரெண்டாவது படிக்கறப்ப, ஒருத்தரோட கல்யாணக் கோட்டுல, சரியா தோள்பட்டையில, இஸ்திரிப் பெட்டி அச்சு விழுந்து போச்சு. பொசுக்கினது அவர். ஆனா கோட்டுக்காரர் முன்னாடி என்ன சொன்னார் தெரியுமா? "என்ன துணின்னு பார்த்து வாங்கத் தெரியாதவளை கவுண்டர்ல உக்கார வச்சா இப்படித்தான்"ன்னார். எனக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துடுச்சு. "இனிமே உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளுங்க"ன்னேன். "ரொம்ப சந்தோஷம்"னார்.

அவ்வளவுதான். அவர் இறங்கி வருவார்னு நான் இருந்தேன், நான் இறங்கி வருவேன்னு அவர் இருந்தார். அந்தக் கல்யாண மாப்பிள்ளைக்குப் பிள்ளை பொறந்து, அதுவே பள்ளிக்கூட யூனிஃபார்மோட எங்க கடைக்கு வந்துட்டுப் போச்சு. நாங்க இன்னும் பேசல.

பேசாம எப்படிக் குடும்பம் நடத்தறதுன்னா, அதுக்குத்தான் பாப்பா இருந்தாளே. எங்க மகளை இப்பவும் பாப்பான்னுதான் கூப்பிடறோம். "பாப்பா, அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுது." "பாப்பா, அம்மாகிட்ட சொல்லு, நீலப் புடவையில கறை போகல." திரையைத் தள்ளிக்கிட்டு அந்தப் பக்கம் ஓடுவா, இந்தப் பக்கம் ஓடுவா. முதல்ல சொன்னதைச் சொன்னபடி சொல்லிக்கிட்டிருந்தா. அப்புறம் விவரம் வந்துடுச்சு. "அந்த மனுஷனை வந்து கொட்டிக்கச் சொல்லு"ன்னு நான் சொன்னா, அந்தப் பக்கம் போய் "அப்பா, அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடறாங்க"ன்னுவா. என் காதுலயே விழும். எனக்கு ஆத்திரம் வரும், ஆனா உள்ளுக்குள்ள நிம்மதியாவும் இருக்கும்.

அவ வேலைக்குன்னு வெளியூர் போனதும் அந்தத் தூது வேலை கடைக்கு வர்றவங்க தலையில விழுந்தது. "சார், உள்ள இருக்கறவர்கிட்ட கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க, கரன்ட் போகப் போகுதாம்." அவங்களும் பாவம், பழகிட்டாங்க.

பாப்பா கல்யாணம் பண்ணிக்கிட்டது தூரத்து ஊர்ல. எங்களை வான்னு ஒரு தடவைகூட கூப்பிட்டதில்லை. மாப்பிள்ளை கப்பல் வேலைக்காரர், வருஷத்துல பாதி நாள் கடல்ல. போன மாசம் போன் பண்ணினா. நிறைமாசம், மாப்பிள்ளை வர்றதுக்கு நாளாகும், தனியா இருக்க பயமா இருக்குன்னா. பெத்த வயிறு, கேட்டதுமே கலங்கிப் போச்சு. "நாளைக்கே கிளம்பறேன்டி"ன்னேன்.

"நீ மட்டும் வராதே. அவர் மட்டும் வர்றதும் வேணாம். ரெண்டு பேரும் பேசிக்கிட்டு ஒண்ணா வந்து நில்லுங்க, கதவைத் திறக்கறேன். இல்லைன்னா நான் தனியாவே பெத்துக்கறேன். என் பிள்ளை இந்த வேலை பார்க்காது."

அவ விடல. "ஏர்போர்ட்லேர்ந்து பெரிய ஸ்டேஷன் வரைக்கும் அப்பாவுக்கு வழி சொல்லியிருக்கேன். அதுக்கப்புறம் எங்க வீடு வரைக்கும் உனக்குச் சொல்றேன். அவருக்கு உன் பாதி தெரியாது, உனக்கு அவர் பாதி தெரியாது. கேட்டுக் கேட்டு வாங்க."

"ஒரு டாக்சி வச்சுக்கிட்டா?"

"டாக்சின்னா நடுவுல டிரைவர் இருப்பாரேம்மா. 'டிரைவர், அவர்கிட்ட சொல்லுங்க'ன்னு ஆரம்பிச்சுடுவே. எனக்குத் தெரியாதா உன்னை?"

தெரியும்தான். என்ன செய்யறது.

அப்படித்தான் அந்தப் பெரிய ஏர்போர்ட்ல காலையில போய் இறங்கினோம். எங்க பார்த்தாலும் கண்ணாடி, எங்க பார்த்தாலும் அவசரம். அவர் முன்னாடி பெட்டியைத் தள்ளிக்கிட்டுப் போறார், நான் பின்னாடி பையை மாட்டிக்கிட்டுப் போறேன். பாப்பா சொன்னதை மனப்பாடம் பண்ணியிருந்தார் போல, உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்தது. நாலு அடிக்கு ஒரு தடவை நின்னு, நான் வர்றேனான்னு பார்க்கறார். பார்க்கற மாதிரி காட்டிக்காம பார்க்கறார். அதுல ஒண்ணும் குறைச்சல் இல்லை.

ரயில் படம் போட்ட அம்புக்குறி நேரா ஒரு படிக்கட்டைக் காட்டுது. கீழ ரயில் வந்து நிக்கற சத்தம்கூட கேக்குது. இவர் அந்தப் படிக்கட்டைத் தாண்டி நடக்கறார். சரி, வேற வழி இருக்கும்னு நானும் போனேன். கடைகளைத் தாண்டி, கழிப்பறையைத் தாண்டி, பெயின்ட் வாசனை போகாத ஒரு நீள வராண்டாவுல போய் திரும்பி, கடைசியில துடைப்பக் கட்டையும் வாளியும் நிக்கற ஒரு மூலையில ஒரு லிஃப்டு. அது ஆடி அசைஞ்சு மேல வந்து எங்களைக் கீழ கொண்டு போய் விடறதுக்குள்ள ரயில் போயிடுச்சு. எனக்கு வயிறு எரியுது. தரை துடைக்கற அம்மாகிட்டதான் சொன்னேன். "பாருங்கம்மா, பக்கத்துல படிக்கட்டை வச்சுக்கிட்டு சில பேர் ஊரைச் சுத்திக் காட்டறாங்க." அந்த அம்மா ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு வாளியை நகர்த்திக்கிட்டுப் போயிட்டாங்க. அவர் பெட்டியைத் தள்ளிக்கிட்டு முன்னாடி போயிட்டார்.

அடுத்த ரயில் பிடிச்சு பெரிய ஸ்டேஷன்ல இறங்கினா, அங்கயும் அதே கூத்து. ஜனங்க எல்லாம் படியில ஏறிப் போறாங்க. இவர் எதிர்ப்பக்கமா போய், யாருமே இல்லாத கோடியில இன்னொரு லிஃப்டைத் தேடிக் கண்டுபிடிச்சார். மேல வந்து பார்த்தா பாப்பா ஊருக்குப் போற வண்டி கிளம்பிப் போய்க்கிட்டிருக்கு. கடைசிப் பெட்டியோட முதுகைத்தான் பார்த்தேன்.

அதுதான் நல்ல வண்டி. நேரா போற வண்டி. அதைத் தவறவிட்டா மத்தியானம் ஒண்ணு இருக்குன்னு பாப்பா சொல்லியிருந்தா. "ஆனா அது வழியில ஒரு ஜங்ஷன்ல ரெண்டா பிரியும்மா. முன்னாடி பெட்டிங்க எங்க ஊருக்கு, பின்னாடி பெட்டிங்க வேற ஊருக்கு. முன்னாடி ஏறணும், மறந்துடாதே." இது என் பாதி வழி. அவருக்குத் தெரியாது.

பிளாட்பாரத்து டீக்கடையில ஒரு பொண்ணு நின்னா. ரெண்டு டீ சொன்னேன். ஒண்ணை அவர் பக்கமா தள்ளி வச்சுட்டு, "ஏம்மா, வழியும் தெரியாம, கேக்கவும் தெரியாம, மத்தவங்களை நாய் படாத பாடு படுத்தறவங்களை என்ன செய்யலாம்?"னேன். அந்தப் பொண்ணு திருதிருன்னு முழிச்சா. அவர் டீயைத் தொடவே இல்லை. டீக்கடைப் பொண்ணைப் பார்த்து, மெதுவா, "சொல்லும்மா அவங்ககிட்ட, என் பாதி முடிஞ்சுது. இனி அவங்க பாடு"ன்னுட்டு பெட்டியை என் கால்கிட்ட விட்டுட்டுப் போனார். போய் ரொம்ப தூரத்துல ஒரு பெஞ்சுல உக்காந்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். வண்டி வந்ததும் எதிர்ல எந்தப் பெட்டி நின்னுதோ அதுல ஏறிட்டார். அது பின்பக்கப் பெட்டி.

இப்ப நான் என்ன செய்யணும்? போய் சட்டையைப் பிடிச்சு இழுக்கணுமா? அவர் ஏறின வாசல்லயே காதுல போன் ஒயர் மாட்டின ஒருத்தர் ஏறப் போனார். அவரை நிறுத்தி, "சார், உள்ள சாம்பல் கலர் கோட்டு போட்டவர் ஒருத்தர் இப்பதான் ஏறினார். இந்தப் பெட்டி வேற ஊருக்குப் போவுது, முன்னாடி பெட்டிக்கு வரச் சொல்லுங்க"ன்னேன். அவர் நல்லா தலையாட்டினார். "ஓகே, ஓகே, பண்ணிடறேன்"னார். எனக்குத்தான் சொல்றார்னு நினைச்சேன். காதுல பேசிக்கிட்டிருந்த எவனுக்கோ சொல்லியிருக்கார். அது எனக்கு எப்படித் தெரியும்?

முன்பெட்டியில போய் ஜன்னலோரமா உக்காந்தேன். பக்கத்து இடத்துல பையை வச்சு அவருக்கு இடம் பிடிச்சு வச்சேன். வண்டி கிளம்புச்சு. வரல. பெட்டிக்குப் பெட்டி நடந்து வரணுமே, வயசாச்சு, மெதுவா வரட்டும்னு இருந்தேன். ஊர் தாண்டி வயல் வந்துச்சு, வயல் தாண்டி ஏதோ தொழிற்சாலைங்க வந்துச்சு. வரல. சரி, முன்பக்கமே வேற பெட்டியில உக்காந்து முறுக்கிக்கிட்டு இருக்கார், இருக்கட்டும்னு நினைச்சேன். எனக்கும் வீம்பு. பிடிச்ச பிடியை விடறதுக்கு நாங்க ரெண்டு பேருமே படிக்கல.

ஆனா ஜங்ஷன் வருது, வருதுன்னு அறிவிப்பு வந்தப்ப திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வண்டி நின்னுச்சு. தடார்னு ஒரு குலுக்கல். பிரிக்கறாங்க. என்னால உக்கார முடியல. பையை அங்கயே போட்டுட்டு இறங்கினேன். ஜன்னல் ஜன்னலா பார்த்துக்கிட்டே பின்னாடி நடந்தேன். முன்பெட்டி எதுலயும் அவர் இல்லை. கடைசியா ஒரு இடைவெளி, கீழ வெறும் தண்டவாளம். அதுக்கு அந்தப் பக்கம் மிச்சப் பெட்டிங்க. பின்கோடியில வேற எஞ்சின் மாட்டியிருக்கு. வந்த பக்கமே இழுத்துக்கிட்டுப் போய் வேற பாதையில திருப்புவாங்க போல.

இடைவெளியைத் தாண்டி ரெண்டாவது பெட்டி ஜன்னல்ல சாம்பல் கோட்டு. கண்ணாடியில தலையைச் சாய்ச்சு வாயைத் திறந்து தூங்கறார். நான் பார்க்கறப்பவே பெட்டி நகர ஆரம்பிச்சுடுச்சு.

ஓடினேன். என் முட்டியை வச்சுக்கிட்டு நான் ஓடி எத்தனை காலமாச்சு. செருப்பு வார் அறுந்தது. கையால கண்ணாடியைத் தட்டணும், எட்டல. கூப்பிடணும். எப்படிக் கூப்பிடறது? மத்தவங்ககிட்ட சொல்றப்ப அவர்னு சொல்வேன், அந்த மனுஷன்னு சொல்வேன், சில பேர்னு சொல்வேன். அவரைக் கூப்பிடறதுக்குன்னு என் வாயில ஒரு வார்த்தை இருந்துச்சு, அதை எங்க வச்சேன்னே தெரியல. அப்புறம் அது தானா வந்துச்சு.

"என்னங்க!"

பிளாட்பாரத்துல இருந்த அத்தனை பேரும் திரும்பினாங்க. "என்னங்க! என்னங்க!" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கண்ணு முழிச்சார். என்னைப் பார்த்தார். வாய் அசையறதைப் பார்த்தார். ஒண்ணும் கேக்கல, அது முகத்துலயே தெரிஞ்சுது. எழுந்து கண்ணாடியில ரெண்டு கையையும் வச்சு நின்னார். அப்படியே போயிட்டார்.

"உங்க வண்டி இதுவாம்மா? கிளம்புது, ஏறுங்க"ன்னு ஒரு ரயில்வே ஊழியர் ஓடி வந்தார். ஏறினா மூணு மணி நேரத்துல பாப்பா வாசல்ல இருப்பேன். தனியா. அவ கதவைத் திறந்து, என் பக்கத்துல காலியா இருக்கற இடத்தைப் பார்ப்பா. "என் பெட்டியையும் பையையும் இறக்கிக் குடுங்க சார்"ன்னேன். நல்ல மனுஷன், திட்டிக்கிட்டே இறக்கிக் குடுத்தார்.

வண்டி போச்சு. வெறும் பிளாட்பாரம். நிழல்னு சொல்லிக்க ஒரு தகரக் கூரை, அதுவும் தூரத்துல. வெயில்ல அறுந்த செருப்போட பெட்டி மேல உக்காந்தேன்.

கையில போன் இருக்கு. ஆனா எங்க ரெண்டு பேருக்கும் அது ஒண்ணுதான். அவருக்கு இந்த மொபைல் கருமாந்தரமே பிடிக்காது. கடைப் போன்தான். அவருக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் உலகத்துலயே பாப்பா நம்பர் ஒண்ணுதான். அவரை நான் எட்டணும்னா பாப்பா வழியாத்தான் எட்டணும். "பாப்பா, அப்பா கூப்பிட்டா சொல்லு"ன்னு ஒரு வார்த்தை போதும், வேலை முடிஞ்சுது. போனைக் கையில எடுத்துட்டேன். எடுத்துட்டு வச்சுட்டேன். கூடாது. இதுக்குத்தானே அந்தப் பொண்ணு வீட்டை விட்டே போனா. சத்தியமா கூப்பிடக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவரும் கூப்பிடக்கூடாதேன்னு வேண்டிக்கிட்டேன். கூப்பிடாம எங்கயாவது தொலைஞ்சு போயிட்டா என்ன பண்றதுன்னு அடுத்த நிமிஷமே பயந்தேன்.

போன் அடிச்சுது. பாப்பா.

"அம்மா. அப்பா சொல்லச் சொன்னாரு."

அந்தக் குரல். இப்ப பிள்ளை பெறப் போற பொம்பளையோட குரல் இல்லை அது. திரையைத் தள்ளிக்கிட்டு மூச்சு வாங்க வந்து நிக்குமே, அந்தக் குரல்.

"அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிட்டாராம். யாரோ ஒரு அம்மா போன் குடுத்திருக்காங்க. நீ முன்னாடி போயிடணுமாம், அவர் பஸ் பிடிச்சு பின்னாடி வர்றாராம். 'அவ வெயில்ல நின்னுக்கிட்டிருப்பா, கால் வீங்கிடும், நிக்காம போகச் சொல்லு'ன்னார். அப்படியேதான் சொல்றேன்மா. இந்தத் தடவை நான் ஒரு வார்த்தை மாத்தல."

எத்தனை தடவை "அம்மா, அப்பா சாப்பிட்டியான்னு கேட்டாரு"ன்னு வந்து சொல்லியிருக்கா. இவ சமாதானத்துக்குச் சொல்றான்னு நினைச்சு நான் உதட்டைச் சுழிச்சிருக்கேன். அதுல எது இவ மாத்தினது, எது அவர் சொன்னது? இனிமே எப்படிக் கண்டுபிடிக்கறது?

"நீ என்ன சொல்லணும் அவருக்கு?" பாப்பா கேட்டா. "சொல்லு, சொல்லிடறேன். பழக்கம்தானே."

"அப்பாகிட்ட சொல்லு" வரைக்கும் வந்துடுச்சு வாயில. அப்படியே முழுங்கினேன். "வேணாம்டி. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அந்த அம்மா நம்பரை மட்டும் குடு."

நம்பரைச் சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. வச்சுட்டா.

போட்டேன். ஒரு பொம்பளைக் குரல். "ஆங், இங்கதான் நிக்கறார், தரேன்." அப்புறம் மூச்சு சத்தம் மட்டும் கேட்டுச்சு. எனக்குத் தெரியாத மூச்சா அது?

"என்னங்க"ன்னேன்.

அவர் போனைக் காதுலேர்ந்து எடுத்துட்டு, அந்த அம்மாகிட்ட பேசறது கேக்குது. "அவங்ககிட்ட சொல்லுங்கம்மா, நான் வந்துடறேன்னு." அந்த அம்மா பட்டுன்னு சொன்னாங்க. "நல்லா இருக்கே கதை! போன் உங்க கையிலதானே இருக்கு. நீங்களே சொல்லுங்க." எந்தத் தாய் பெத்த மகளோ, அவங்க நல்லா இருக்கணும்.

திரும்பவும் மூச்சு. "கேக்குது"ன்னார். கொஞ்சம் பொறுத்து, "சொல்லு"ன்னார்.

என்ன சொன்னேன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்லை. அழுகை. அழுகையோட திட்டும் வந்துச்சு. அந்த ஒயர்காரனைத் திட்டினேன், ரயில்வேயைத் திட்டினேன், தூங்கினதுக்கு இவரைத் திட்டினேன். இத்தனை வருஷத்துத் திட்டை எல்லாம் நேரடியா வாங்கிக்கிட்டு, "ம், ம்"னு கேட்டுக்கிட்டிருந்தார். "இங்க வாங்க. சேர்ந்துதான் போகணும்"னு முடிச்சேன். "வர்றேன்"னார்.

எதிர்வண்டி பிடிச்சு வந்தார். என் பக்கத்துல வந்து நின்னு, என் காலைப் பார்த்தார். கோட்டுக் காலருக்கு அடியில எப்பவும் ஊக்கு குத்தி வச்சிருப்பார், தொழில் பழக்கம். ஒண்ணை எடுத்து, குனிஞ்சு, செருப்பு வாரைச் சேர்த்துக் குத்தினார்.

அடுத்த வண்டியில முன்பெட்டியில எதிரும் புதிருமா உக்காந்தோம். என் பாதி வழியை அவருக்குச் சொல்ல ஆரம்பிச்சேன். இறங்கினதும் இடதுபக்கம் பஸ், தண்ணித் தொட்டி தாண்டி மூணாவது நிறுத்தம், பச்சை கேட்டு வச்ச கட்டடம். சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு. நேரா முகத்தைப் பார்த்துப் பேசறது அவ்வளவு சுலபமில்லை. அவரும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டேதான் கேட்டார்.

"உங்க பாதியில அவ என்னதான் சொன்னா? பக்கத்துல இருக்கற படிக்கட்டை விட்டுட்டு ஏன் சுத்தினீங்க?"ன்னு கேட்டேன்.

"லிஃப்டு இருக்கற வழியாத்தான் சொல்லிக் குடுத்தா. உன் முட்டிக்குப் படி ஆகாதாம்."

"அதை அங்கயே சொல்றதுக்கென்ன?"

"யார்கிட்ட?"ன்னார்.

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசல. ஆனா அந்தப் பேசாம இருந்தது வேற மாதிரி.

சாயங்காலம் விளக்கு போடற நேரம் அந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்க லிஃப்டு கிடையாது. நான் ஒவ்வொரு படியா ஏறறேன், அவர் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஒரு படி கீழயே வர்றார், விழுந்தா பிடிக்கற மாதிரி. மேல வந்து மணியை அடிச்சோம். உள்ள செருப்பை இழுத்து இழுத்து நடந்து வர்ற சத்தம்.

பாப்பா கதவைப் பாதி திறந்தா. நிறை வயிறு. முகம் ஊதிப் போயிருக்கு, அழுதிருக்கா. எங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்க்கல. எங்களுக்கு நடுவுல இருந்த இடத்தைப் பார்த்தா.

அவளைப் பார்த்ததும் அவருக்கு என்னதான் ஆச்சோ. வண்டியில என்கிட்ட நேரா பேசின மனுஷன், அவ முகத்தைப் பார்த்ததும் பழைய தடத்துல இறங்கிட்டார். "பாப்பா, அம்மாகிட்ட சொல்லும்மா, ஊக்கு கழண்டிருக்கு"ன்னார்.

பாப்பா முகம் அப்படியே அணைஞ்சு போச்சு. கை கதவை மூடப் போகுது, நான் பார்க்கறேன். எனக்கு மட்டும் வேற எதாவது வந்துச்சா? "உங்கப்பாகிட்ட சொல்லுடி"ன்னுதான் நாக்கு நுனியில நிக்குது. எப்படியோ அதை அடக்கிக்கிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"என்கிட்டயே சொல்லுங்க."

அவர் நின்னார். பெட்டியைக் கீழ வச்சார். மகளை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, என் கண்ணைப் பார்த்து, "ஊக்கு கழண்டிருக்கு. குத்திடப் போகுது, பார்த்து கால் வை"ன்னார்.

பாப்பா கதவைப் பிடிச்சுக்கிட்டே மெல்லக் கீழ உக்காந்துட்டா. அந்த வயித்தோட, நிலைப்படியிலயே. நான் பதறிப் போய் குனிஞ்சேன். என் கையைத் தள்ளி விட்டுட்டு அவரைத்தான் பார்த்தா.

"இன்னொரு தடவை சொல்லுங்கப்பா"ன்னா. "அம்மாகிட்ட."